பாதிப் பஞ்சு

ஞாயிறு, பதினோரு மணி.
ப்ர்னோ நகரில் எட்டாவது மாடி.
சன்னல் விளிம்பில் நேற்றைய பனி கிடக்கிறது.
செருகியைப் பிடுங்குகிறேன்.
வீட்டுக்குள் ஓயாத முனகல் ஒன்று
சட்டென்று நிற்கிறது.
நின்ற பிறகுதான் காதில் விழுகிறது
இத்தனை நாள் அது இருந்தது.

மூடியைத் திறந்தால்
மழைக்கால ஆற்றங்கரை வாசம்.
தொட்டித் தண்ணீரையே வாளியில்
மொண்டு வைத்திருக்கிறேன்.
குழாய்த் தண்ணீர் கூடாது.
இதைக் கற்றுக்கொள்ள எனக்குப்
பதினான்கு நியான் மீன்கள் செலவாயின.

முதல் வருடம் நான்
வடிகட்டின முட்டாள்.
வெந்நீரில் பஞ்சைக் காட்டி
பாத்திர சோப்பு இரண்டு சொட்டு விட்டு
வெள்ளை வெளேரென்று பிழிந்து மாட்டினேன்.
என்ன சுத்தம், என்ன சுத்தம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
மூன்றாம் நாள்
நீலக் கோடு மங்கி
ஒவ்வொன்றாய் மேலே வந்து வாய் பிளந்தன.
ரதிம்தான் சொன்னான்,
திட்டாமல், காபிக் கோப்பையைப் பார்த்தபடி:
"அந்தப் பழுப்பில் குடியிருந்தார்கள், க்வெதா.
மீன் மூத்திரம் தின்று பிழைக்கிறவர்கள்.
கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்."

பல் கட்டும் ஆய்வகத்தில் வேலை எனக்கு.
கிருமி என்றால் கொல்வதற்கு என்பது
சம்பளத்தோடு வந்த நம்பிக்கை.
அங்கிருந்து கொண்டுவந்த பழைய பிரஷ்ஷால்
இப்போது சுழலியைத் துலக்குகிறேன்.
கடைவாய்ப் பல் அளவுதான் அது.
அச்சில் சிக்கிக் கிடந்தது
ஒரு நத்தைக் குஞ்சு, உயிரோடு.
தொட்டியில் விட்டேன்.
குழாய்க்குள் கம்பித் தூரிகை.
ரப்பர் வளையத்துக்கு ஒரு பொட்டு வாசலின்.
பீங்கான் உருளைகளுக்கு ஒரே ஒரு அலசல்,
மனசு கேட்காவிட்டாலும்.

பன்னிரண்டுக்கு வருகிறான்.
ஜிதெனிட்சேயில் ஒற்றை அறை,
நாற்பது லிட்டரில் ஒரு தொட்டியும் வாங்கிவிட்டானாம்.
குளிர்பெட்டி வேண்டாமாம்.
சோபா வேண்டாமாம்.
கல்யாணத்துக்கு அவன் அத்தை தந்த
கண்ணாடிக் கிண்ணங்களும் வேண்டாமாம்.
பஞ்சில் பாதி கிடைக்குமா என்று கேட்டான்.
புதுத் தொட்டி பதமாக ஆறு வாரம் பிடிக்கும்.
பழையதில் ஒரு துண்டு இருந்தால்
சில நாளிலேயே மீன் விடலாம்.

நீரடித்து நீர் விலகாது என்பார்கள்.
சரிதான்.
நாங்கள் அடித்துக்கொள்ளவே இல்லையே.
வடிந்துவிட்டோம்.

கையில் பஞ்சு கனக்கிறது.
பிழிந்தால் விரலிடுக்கில்
சாணி நிறத்தில் ஒழுகுகிறது.
கைக்கெட்டும் தூரத்தில் சமையலறைக் குழாய்.
திருகினால் வெந்நீர்.
அரை நிமிடம் போதும்.
பார்க்க இன்னும் அழகாகத்தான் இருக்கும்.
ரிப்பன் கட்டிக்கூடக் கொடுக்கலாம்.

திருகினேன்.
ஆவி எழுந்து சன்னலில் படிந்து
எதிர்க் கட்டிடம் காணாமல் போயிற்று.

அப்போது பார்த்து
கெளுத்தி ஒன்று விருட்டென்று மேலே வந்து
ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு
அடியில் போய் உட்கார்ந்தது.
வடிகட்டி நின்று நாற்பது நிமிடம்.
அதற்கு எங்கள் வழக்கெல்லாம் தெரியாது.

குழாயை மூடினேன்.
கத்தரிக்கோலால் நடுவில் வெட்டினேன்.
நேராக வரவில்லை.
எது பெரிய துண்டு என்று
ஒரு முறை பார்த்தேன், அதற்கு மேல் பார்க்கவில்லை.
ஒன்று தயிர் வாங்கிய டப்பாவில்,
தொட்டித் தண்ணீரோடு, மூடியை இறுக்காமல்.
மற்றது உள்ளே,
பக்கத்தில் துணைக்குக் கடையில் வாங்கிய வெள்ளைத் துண்டு.
அதற்கும் ஆறு வாரம் ஆகும்.

வாளியைச் செடிக்குக் கவிழ்த்தேன்.
செருகினேன்.
இருமியது, குமிழ் துப்பியது,
கலங்கலாய் ஒரு மூச்சு விட்டது,
அப்புறம் பழைய முனகல்.

ரதிம் வாசலிலேயே நின்று
டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தான்.
"இருக்கிறார்கள்" என்றான்.
வெளியே மைனஸ் எட்டு.
கோட்டுப் பொத்தானைக் கழற்றி
சட்டையோடு ஒட்டி உள்ளே வைத்து,
லிஃப்டுக்குக் காத்திராமல்
கீழே இறங்கினான்,
தண்ணீர் தளும்பாதபடி
ஒவ்வொரு படியாக.